கொப்பரில் நனைத்த பைகள்

கடலோரக் களப்பில் அழிந்துபோன நாட்டுச் சிப்பியை மறுபடி கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். சிப்பிக் குஞ்சு தண்ணீரில் மிதந்து அலையும். ஒட்டிக்கொள்ள ஓர் ஓடு கிடைத்தால்தான் பிழைக்கும். அதற்காகக் காய்ந்த சிப்பி ஓடுகளை வலைப்பைகளில் கட்டிக் களப்பில் இறக்குவோம்.

பை போதவில்லை என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன். அவள் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டு, கொழுந்து போடும் பழைய வலைப்பைகளை மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி இறக்கினேன்.

கடையில் வாங்கிய பைகளில் குஞ்சுகள் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தன. எங்கள் தோட்டத்துப் பைகளில் ஒன்றுகூட இல்லை. இறக்கியதில் பெரும்பகுதி அவைதான்; அந்தப் பருவமே வீணாய்ப் போயிற்று. பச்சை வலை என்பதால் முதலில் தெரியவில்லை. தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நீலமாகப் படிந்திருந்தது. தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்தில் கொப்புள நோய் வராமல் அடிக்கிற, செம்பு கலந்த கொப்பர் மருந்து. சிப்பிக் குஞ்சுக்கு அது நஞ்சு.

கழுவாமல் அனுப்பிவிட்டாளே என்ற ஆத்திரத்தோடு லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன். வீட்டு வாசலில் அம்மா அடுத்த கட்டுப் பைகளை நீல மருந்து கரைத்த பீப்பாயில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"உப்புத் தண்ணியில உக்கிப் போயிருமேன்னுதான் புள்ள. கங்காணிகிட்ட கெஞ்சி மிச்ச மருந்த வாங்கினேன்."

"ஒன்ன யாரும்மா இதெல்லாம் செய்யச் சொன்னா? எல்லாம் பாழாப் போச்சு. இந்த மருந்து பட்டா குஞ்சு பொழைக்காது."

"ஒண்ணுகூடவா ஒட்டல?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் முகம் சுண்டிப்போனது. திட்டியது எனக்கே கசந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. பீப்பாய்க்குள் பார்த்தபடி கேட்டாள்.

"தண்ணியில கரைஞ்சிருந்தாலே செத்துருமா?"

"கொஞ்சம் கரைஞ்சாலே போதும்."

அம்மா பீப்பாயிலிருந்து கையை எடுத்தாள். முழங்கை வரை நீலம். லயத்துக்கு மேலே உள்ள தேயிலை மலையை ஒருமுறை பார்த்தாள். அங்கே அடிக்கிற மருந்து மழையில் ஓடையில் இறங்கும். அந்த ஓடையிலிருந்துதான் எங்கள் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. குடிப்பதும் சமைப்பதும் அதில்தான்.

கை கழுவப் பீலிவரை போனவள், குழாயடியில் அப்படியே நின்றாள்.

"இந்தத் தண்ணியில கழுவலாமா புள்ள?"