பார்சலில் போகாத திருநீறு

பார்சல் கவுன்ட்டரில் உட்காருகிறவர்களுக்கு ஒரு தலையெழுத்து: விதி போடுகிறவன் எங்கேயோ ஏசி ரூமில் இருப்பான், வாங்கிக் கட்டிக்கொள்வது நாம். நான் இருப்பது தமிழ்நாட்டுக்கு வெளியே, லோஹேகாவ் கிளை. ஐ.நா. அமைதிப்படையில் வெளிநாடு போன நம் சிப்பாய்களுக்கு இங்கிருந்துதான் வீட்டார் பார்சல் அனுப்புகிறார்கள். அந்த நாட்டு சுங்கத்தில் மதப் பொருள் எதுவும் கூடாதாம். படித்துச் சொல்ல வேண்டியது நான்.

பவுடர்

எங்கள் கவுன்ட்டருக்கு வருகிற கலாவின் கணவர் அங்கே ரோந்து வண்டி ஓட்டுகிறார். கண்ணிவெடி புதைத்த ரோடு. "குலதெய்வக் கோயில் திருநீறு தீர்ந்துபோச்சு, வெறும் நெத்தியோட வண்டி எடுக்க மனசு வரலை"ன்னு போனில் சொல்லியிருக்கிறார். முறுக்கு டப்பாவோடு ஒரு பொட்டலம் திருநீறும் கொண்டு வந்தாள் கலா. எங்கள் மேனேஜர், காலையில் பூஜை செய்து நெற்றி நிறைய குங்குமத்தோடு வந்தவர், பொட்டலத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பவுடர் நஹீ சலேகா" என்றார்; பவுடர் போகாதாம், ஆபத்தான பொருள் பட்டியலில் இருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலா பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஆபத்து வரக்கூடாதுன்னு அனுப்புறதை ஆபத்தான பொருள்னு சொல்றீங்களே அக்கா."

படம்

அடுத்த வாரம் உள்ளங்கை அளவு முருகன் படம் கொண்டு வந்தாள். சட்டைப் பைக்குள் கிடக்கப் போகிற படம், அதைப் பார்த்து அந்த ஊரில் எவன் மதம் மாறப் போகிறான்? அதுவும் மதப் பொருள்தானாம்; இதை இப்படியே விடக் கூடாது என்று தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டேன். கும்பிடுகிற உரிமை சிப்பாய்க்குக் கிடையாதா சார் என்று கேட்டேன். அந்த அதிகாரி கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "கும்பிட வேண்டாம்னு யாரும் சொல்லலையே மேடம், பார்சல்ல வச்சு அனுப்ப வேண்டாம்னுதான் சொல்றோம்."

சட்டை

மூன்றாவது தடவை சாமி சமாசாரமே வேண்டாம் என்று, அவர் பிறந்தநாளுக்கு ஒரு புதுச் சட்டை மட்டும் கொண்டு வந்தாள். நானே பிரித்துப் பார்த்து மடித்து ஒட்டினேன். அப்பாடா என்றிருந்தது. அதுவும் அந்த நாட்டு சுங்கத்திலிருந்து திரும்பி வந்தது. காலருக்கு உள்பக்கம் ஒரு மஞ்சள் தீற்றல். புதுத்துணி என்றால் நம் வீடுகளில் கை தானாக மஞ்சள் தொட்டு வைக்குமே, அவளும் வைத்திருக்கிறாள். நம் கண்ணுக்கு அது கறையாகவே தெரியாது, எனக்கும் தெரியவில்லை. மேலே 'மதக் குறி' என்று ஸ்டிக்கர்.

மேனேஜர் பாவம், உதவுவதாக நினைத்துக்கொண்டு, மஞ்சள் வைக்காமல் வேறு புதுச் சட்டை கொண்டு வரச் சொன்னார். அதுவரை ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாத கலா, சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மஞ்சள் படாத கோடித்துணி பொணத்துக்குத்தானே போர்த்துவாங்க, அக்கா? உசுரோட இருக்கிற மனுசனுக்கு அதை என் கையால எப்படி அனுப்புவேன்?"

நாட்டுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு விரல் மஞ்சள் ஆகாது என்று அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குத்தான், கவுன்ட்டர் சகாக்களே, நமக்கெல்லாம் சம்பளம்.