பசை டாக்டர் பார்த்த முகம்

செய்தி வந்தபோது காலை மணி பத்தரை. அக்காவின் கிளினிக்கில் தங்கை ஒரு குழந்தையின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அத்தான் போனில் பேசினார்.

"உங்கக்கா போயிட்டாம்மா."

அவசரமாகக் கட்டினால் அக்கா திட்டுவாள். நிதானமாகச் சுற்றி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அக்கா தோல் டாக்டர். எந்தப் புண்ணானாலும் கட்டுத்துணியால் மூடி ஒட்டிவிடுவதால் வருகிறவர்கள் வைத்த பெயர், பசை டாக்டர். "பேர் வெச்சவங்க வாயையும் ஒட்டிடட்டுமா?" என்று அவளே சிரிப்பாள்.

இந்த வருஷம் அவளைப் படாத பாடு படுத்தியது, தையல் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் முகம். இடது கண்ணைச் சுற்றிப் புண். எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லை. வேறோர் இடத்தில் இமை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாக்காரி கூட்டி வந்திருந்தாள். வெட்டினால் இமை முழுதாக மூடாமல் போகலாம்.

அக்கா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். புண்ணின் ஓரங்கள் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. சுற்றியிருந்த தோலில் ஒரு மாசு இல்லை. எல்லாமே வலது கைக்கு வாகான பக்கம். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், "காலைல எழுந்தா இருக்கும்." அவ்வளவுதான்.

"தானாப் பண்ணிக்கிறா, இல்லக்கா?" தங்கை உள்ளறையில் கேட்டாள்.

"மெதுவாப் பேசு. காதில விழுந்தா அவ இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டா. முதல்ல நான் நிச்சயம் பண்ணிக்கணும்."

மூடி ஒட்டினாள். கை படாமல் ஆறினால் விஷயம் தெளிவு. ஆறவில்லை. அக்காவுக்கே சந்தேகம் தட்டியது. பிறகுதான் தெரிந்தது: காற்றுப் படட்டும் என்று அம்மாவே ராத்திரியில் கட்டைப் பிரித்து, காலையில் திரும்ப ஒட்டியிருக்கிறாள்.

"என்னம்மா, நீங்களும் டாக்டர் ஆயிட்டீங்களா?"

"மூச்சு முட்டுமேன்னு பாத்தேன் டாக்டர்..."

"புண்ணுக்கு மூக்கு கிடையாது. ஆபரேஷனைத் தள்ளி வையுங்க. தினம் இங்க வரட்டும், நானே ஒட்டறேன்."

மூடிய இடம் ஆறியது. மூடாத கன்னத்தில் புதிதாக ஒன்று வந்தது. அக்கா அம்மாவை வெளியே உட்காரவைத்தாள்.

"யார் பண்ணினதுன்னு கேக்கப்போறதில்ல கண்ணு. எப்போ தாங்க முடியாமப் போகுது? அதை மட்டும் சொல்லு."

அந்தப் பெண் கன்னத்துப் புண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். "எல்லாரும் தூங்கினப்புறம்."

ஆபரேஷன் ரத்தானது. மனநல டாக்டரிடம் முதல் நாள் அக்காவே துணைக்குப் போனாள். வாரம் ஒரு முறை பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவளுக்கு நகம் வெட்டிவிடுவாள். நேற்று அப்படி வெட்டும்போதுதான் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

சாயங்காலம் துக்கத்துக்கு அந்தப் பெண் வந்தாள். முகத்தில் புதுப் புண் இல்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது.