கப்பல் எனக்கு ஒத்துக்கொண்டது

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம், கொச்சியிலிருந்து கிளம்பிய கப்பலில் நடந்தது இது.

எங்களுக்கு அருப்புக்கோட்டையில் மோட்டார், பம்பு, பைப் கடை. திருச்சுழி, காரியாபட்டிப் பக்கத்து விவசாயிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். கணவர் போர் போடுகிற இடம், லோடு இறக்குகிற இடம் என்று வெளியே அலைவார். கல்லாவில் நான். மோட்டார் எரிந்துபோய், பயிர் காய்கிறதே என்று பதறி வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆக வேண்டியதைப் பார்த்து அனுப்புவது என் வேலை. அதனால் என் பேச்சு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் மோட்டார் கம்பெனி, அதிகம் விற்ற டீலர்களை மனைவியோடு ஒரு சின்ன சொகுசுக் கப்பலில் கூட்டிப்போவதாகச் சொன்னது. கடலிலேயே இரண்டு இரவு தங்கித் திரும்புவது. கம்பெனி அதிகாரி கடைக்கே வந்து, "அக்கா, இந்த டிரிப்பு உங்களுக்குத்தான். அண்ணன் சும்மா தொணைக்கு வர்றாரு" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். கணவர் எப்படிச் சிரித்தார் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

திருச்செந்தூரில் கால் நனைத்ததோடு சரி, கடலோடு எனக்கு வேறு பழக்கம் கிடையாது. புதிதாக இரண்டு சேலை எடுத்தேன். வழியில் கொறிக்கக் காராச்சேவு பொட்டலம் ஒன்றும் வைத்துக்கொண்டேன்.

சின்னக் கப்பல் என்றார்கள். எனக்கு அது நம் ஊர்க் கல்யாண மண்டபங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மிதக்கவிட்டதுபோல் இருந்தது. நடக்கிற இடமெல்லாம் கம்பளம். எங்கள் அறைக் கட்டிலில் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனசு வராமல் ஓரமாக நகர்த்தி வைத்தேன். அறையை ஒட்டிக் கடலைப் பார்த்தபடி ஒரு பால்கனி. மேல்தளத்தில் நீச்சல்குளம். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் கிடக்க, நடுவில் ஒரு தொட்டி கட்டி அதில் குளிக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் எல்லோருக்கும் ஒன்றாக விருந்து. எங்கள் மேஜையில் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்து டீலர்கள், அவர்கள் மனைவிமார், கம்பெனி அதிகாரி, அவர் மனைவி. எல்லோரும் ஸ்பூனிலும் முள்கரண்டியிலும் சாப்பிட, நான் கையால் பிசைந்து சாப்பிட்டேன். பரிமாறுகிறவர் மூடி திருகிய பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, இம்புட்டுத் தண்ணிக்கு நடுவுல வந்தும் பாட்டில் தண்ணிதானா?" என்று கணவரிடம் கேட்டேன்.

மேஜையே சிரித்தது. அதிகாரியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "எங்க பக்கம் பாதாளத்துக்குப் போர் போட்டு இந்த உப்புத் தண்ணியத்தான் எடுக்குறோம். மாடுகூட மூஞ்சியத் திருப்பிக்கிடும். இங்க அது சும்மாவே கெடக்கு" என்றேன். மறுபடி சிரிப்பு. மேஜைக்கு அடியில் கணவரின் கால் என் காலை அழுத்தியது. ஏதோ தெரியாமல் பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "அங்க உக்காந்திருந்தவுக யாரு என்னன்னு தெரியுமா ஒனக்கு? ஒவ்வொருத்தரும் பெரிய பெரிய ஷோரூம் வச்சிருக்காக. நம்ம கடையில கத்துற மாதிரியே கத்துற."

"எல்லாரும் சிரிச்சாகள்ல?"

"ஒன்னையப் பாத்துச் சிரிச்சாக."

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் என்னைக் கோபத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கூசிப்போய்ச் சொன்னார். அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

காலையில் அவர் குளித்துக் கிளம்பினார். "நீ ரூம்லயே இரு. மேல எல்லாம் பிசினஸ் பேச்சாத்தான் இருக்கும். சாப்பாடு இங்கனயே அனுப்பச் சொல்றேன்" என்று போய்விட்டார். சரி, கோபம் ஆறட்டும் என்று இருந்தேன்.

பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கரை எந்தப் பக்கமும் தெரியவில்லை. கப்பல் போகிற ஓரத்தில் சின்னச் சின்ன மீன்கள் கூட்டமாகத் தண்ணீரைவிட்டு எழும்பி, வெள்ளிக்காசு விசிறியதுபோலப் பறந்து விழுந்தன. பார்த்ததைச் சொல்ல ஆளில்லை. எனக்குத் தலை சுற்றவில்லை, குமட்டவில்லை. மனபாரத்தை மீறி ஒரு சந்தோஷம் உள்ளே வந்தது. எழுந்து நின்று காற்றை வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் கதவைத் தட்டி உணவு கொண்டுவந்தார்கள். உப்புப் போட்ட கஞ்சி, காய்ந்த ரொட்டி, இஞ்சி டீ. முந்தின நாள் அத்தனை வகை வைத்தவர்கள் இன்று ஏன் இப்படி என்று புரியவில்லை. பசித்தது. கஞ்சிக்குக் காராச்சேவைத் தொட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு தட்டும் சத்தம். முந்தின நாள் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பொள்ளாச்சிக்கார அம்மா நின்றிருந்தார். கையில் எலுமிச்சம்பழம், சுக்கு மிட்டாய்.

"வாந்தி நின்னுதுங்களா? உங்க வூட்டுக்காரர் சொன்னாருங்க, ராத்திரியிலிருந்து எந்திரிக்கவே முடியலைன்னு. மனசு கேக்கலைங்க, அதான் வந்தேன்."

கஞ்சி எதற்கு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கப்பலில் வேலை செய்கிறவர்கள் வரைக்கும் சொல்லியிருக்கிறார்.

"இப்பத் தேவலைங்க" என்றேன். வேறென்ன சொல்ல? என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று ஒரு நாள் பழக்கமுள்ள அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அவர் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினார். "நீங்க இல்லாம இன்னிக்கு மேசையே களையில்லைங்க. எல்லாரும் உங்களைத்தான் கேட்டாங்க" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை முட்டியது. உடம்பு முடியாமல் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார். சாயங்காலம் டீலர்களுக்குக் கேடயம் கொடுக்கும் விழா இருந்தது. தம்பதியாக மேடைக்குக் கூப்பிடுவார்களாம். "மொகத்தக் கழுவிட்டு வாங்க, நானே பக்கத்துல இருந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

புதுச் சேலை கட்டினேன். அவர் என் தோளைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நடத்திக் கூட்டிப்போனார், நோயாளியை நடத்துவதுபோல. நாங்கள் போய்ச் சேரும்போது விழா தொடங்கியிருந்தது. கதவோரம் நின்றோம். மேடையில் என் கணவர். அதிகாரி மைக்கில், "அக்கா எங்கண்ணே? அவங்கதானே உண்மையான டீலரு" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

கணவர் மைக்கை வாங்கினார். அப்போது என்னைப் பார்த்துவிட்டார். நன்றாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். 'இந்தா வந்துட்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நடந்து போயிருப்பேன். நேற்றிலிருந்து நடந்ததை எல்லாம் அங்கேயே மறந்தும் இருப்பேன்.

"அவளால இன்னும் எந்திரிக்க முடியலைங்க. படுத்திருக்கா" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அவர் கேடயத்தை வாங்கிக்கொண்டார், எல்லோரும் கை தட்டினார்கள். என் தோளில் இருந்த அந்த அம்மாவின் கை ஒருமுறை இறுகியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பி அறைவரை வந்து விட்டுப்போனார். இந்தத் தடவை வேகமாகவே நடந்தோம். கதவருகில், "சாப்பிட ஏதாச்சும் நல்லதா எடுத்துட்டு வர்றனுங்க" என்றார். அப்படியே தட்டு நிறையக் கொண்டுவந்தும் கொடுத்தார். சாப்பிட முடியவில்லை.

கணவர் கேடயத்தோடு வந்தார். "எதுக்கு மேல வந்த?"

"வந்ததே தப்பா?"

"மைக்கக் கையில குடுத்தா நீ என்னத்தையாச்சும் பேசி வப்ப."

"என்னத்தப் பேசிருப்பேன்?"

அவர் டிவியைப் போட்டுக்கொண்டார்.

ஊருக்கு வந்து இறங்கியதும் மகளும் நாத்தனாரும் ஓடிவந்து, "கப்பல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன், "இவளுக்கு ஒத்துக்கவே இல்ல" என்று அவர் சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்கு என்னைக் கண்டு வெட்கமாக இருந்தது என்று பெற்ற பெண்ணிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அன்று விட்டதுதான். பிறகு அது வீட்டுக் கதையாகி, சொந்தக்காரர்கள் கேலியாகி, கடைக்கு வருகிறவர்கள் வரை போய்விட்டது.

போன வருடம் கம்பெனி மறுபடியும் ஒரு கப்பல் பயணம் சொன்னது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள், "அம்மா, இந்தத் தடவையாச்சும் மாத்திரை போட்டுட்டுப் போ" என்றாள். கணவர் சோற்றைப் பிசைந்தபடி, "வேணாம்மா. அன்னிக்கு அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராத்திரி பூரா நாந்தான் தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார்.

நான் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தேன். திருட்டு முழி இல்லை, தயக்கம் இல்லை. உண்மையிலேயே என்மேல் இரக்கப்பட்டுத்தான் பேசினார். தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். வரும்போது எனக்கு ஒரு சேலையும் வாங்கிவந்தார்.

கணவர் என்னைக் கண்டு கூசினார் என்பதைக்கூட இத்தனை வருடத்தில் ஒருமாதிரி ஆற்றிக்கொண்டேன். ஆனால் அன்று நான் நன்றாகத்தான் இருந்தேன் என்பது இப்போது அவருக்கே தெரியாமல் போய்விட்டது, அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.