கொப்பரைக்கு ஒரு மதிப்பெண்

உத்தேச விடைக்குறிப்பில் தவறு கண்டால் தேர்வர் ஒரு வாரத்துக்குள் ஆதார நூல்களுடன் ஆட்சேபிக்கலாம். இறுதிப் பட்டியல் வெளியாகும் முன் அதற்கு முடிவு சொல்லப்பட வேண்டும். தேர்வு அறிவிக்கையிலேயே அச்சிட்டிருந்த விதி இது. பணிக்காலம் முழுவதும் அரசு விதிகளோடு குடும்பம் நடத்தியவன் ஆதலால் நம்பினேன்.

கொப்பரைத் தேங்காயைக் குறிக்கும் 'கொப்ரா' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமொழி எது என்பது கேள்வி. தெரிவுகளில் தமிழுக்கு இடமில்லை. விடைக்குறிப்பு போர்த்துக்கீசியம் என்றது. என் மகள் மலையாளம் என்று குறித்திருந்தாள். ஆசிரியர் வேலைக்கு அவளுக்குக் குறைந்தது அந்த ஒரு மதிப்பெண்தான். வயது வரம்புக்குள் அவள் எழுதக்கூடிய கடைசித் தேர்வும் அதுதான்.

வழிகாட்டிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது. இவளோ எங்கள் மொட்டைமாடியில் காயும் கொப்பரைக்குக் காக்கை விரட்டி வளர்ந்தவள். தேங்காய் வாங்க வரும் வியாபாரிகளிடம் பாதி மலையாளத்தில்தான் விலை பேசுவோம். மாடியில் கிடக்கும் சரக்கின் பெயரைக் கப்பலில் வந்தவன் கொண்டுவந்தான் என்று குறிக்க அவளுக்குக் கை வரவில்லை.

மார்த்தாண்டத்துக்குப் போய் அகராதிப் பக்கங்களை நகலெடுத்தேன். ஆங்கிலேயர் அந்தச் சொல்லைப் போர்த்துக்கீசியரிடம் வாங்கினார்கள். போர்த்துக்கீசியர் மலையாளக் கரையில் 'கொப்பர' என்று கேட்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் பின்னால், மண்டையோட்டைக் குறிக்கும் ஒரு வடசொல்லைச் சிலர் காட்டுகிறார்கள். அந்த மண்டையோட்டையும் இணைத்தேன். சான்றொப்பம், பதிவுத் தபால், ஒப்புகை அட்டை எதிலும் குறை வைக்கவில்லை.

"இங்கிலீசுக்காரனுக்க பாட்டன் வரைக்கும் போயாச்சு. எனக்க மார்க்கு மட்டும் வரல்லியேப்பா" என்றாள்.

"ஆதாரம் இருக்குல்லா மக்கா. மறுக்க முடியாது."

"எதுக்கு மறுக்கணும்? சும்மா இருந்தாப் போதுமே அவங்களுக்கு."

அப்படியே சும்மா இருந்தார்கள். இறுதிப் பட்டியல் வந்தது, அவள் பெயர் இல்லாமல். நான் நினைவூட்டல் அனுப்ப அனுப்ப, அவர்கள் பணி ஆணைகளை வழங்கி முடித்தார்கள். அவள் ஏற்கெனவே பாடம் நடத்திவந்த கொட்டாரத்துத் தனியார் பள்ளிக்கே திரும்பிப் போனாள்.

வயதை ஜூலை முதல் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள். அந்தத் தேதியில் அவள் வரம்பைத் தாண்டினாள். அதுவரை காத்திருந்தது போலப் பதில் வந்தது: ஆட்சேபம் ஏற்கப்படுகிறது; மலையாளம் என்பதே சரியான விடை; நியமனங்கள் முடிந்துவிட்டதால் தேர்வர் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம்.

உறையைப் பிரித்தவள் அவள்தான். படித்து என்னிடம் நீட்டிவிட்டு, மழைக்கு முன் கொப்பரையை அள்ள மாடிக்குப் போனாள். வந்த தபாலில் தேதி குறிப்பது என் பழக்கம். குறித்தேன்: ஜூலை இரண்டு.