கோழிக்கூட்டின் மேல் தேநீர்

கிளெனிஸ் முப்பத்தொரு வருடமாக ஷெஃபீல்டில் மாடி பஸ் ஓட்டுகிறாள். ஒருநாள் விடிகாலையில் டெப்போவில் ஈ காக்கை இல்லாத நேரம் பஸ்ஸைப் பின்னால் எடுத்தபோது பக்கக் கண்ணாடி தூணில் உரசிவிட்டது. விரல் நீளம்கூட இல்லாத கீறல். அவளே போய் மேலாளரின் கதவைத் தட்டி, எழுதியும் கொடுத்தாள். அந்தத் தாளை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அந்த மனுஷன் மதியம் வரை தலையைச் சொறிந்துகொண்டிருந்தாராம். இப்படி ஒரு பிறவி.

இந்தப் பிறவிக்கு ஐம்பது வயதில் பாறைப் பைத்தியம் பிடித்தது. ஊருக்கு வெளியே புல்மேட்டில் 'கோழிக்கூடு' என்று ஒரு பாறை உண்டு. மேலே தட்டையாக இருக்கும், அடியில் நாலடி உயரத்துக்கு வெற்றிடம். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கூரையின் நடுவே, பின்சுவரிலிருந்து வெளிவிளிம்பு வரை பதினெட்டு அடிக்கு ஒரே பிளவு. பிடித்துத் தொங்க வேறு எதுவும் கிடையாது. பிளவுக்குள் கையை விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை உப்பிக்கொண்டு இறுகும். ஊறுகாய் ஜாடிக்குள் முஷ்டி மடக்கியவன் கை வெளியே வராது அல்லவா, அதே சங்கதி. கால்களையும் அப்படியே திருகிச் செருகி, மல்லாந்த வாக்கில் பல்லியாய் ஊர்ந்து விளிம்புக்கு வந்து, அதைத் தாண்டி உச்சிக்கு ஏற வேண்டும். வழியில் முதுகோ காலோ தரையில், விழுந்தால் தாங்கப் பரப்பியிருக்கும் மெத்தையில், ஆள் மேல் பட்டால் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏறி முடித்தவர்களுக்குப் பரிசு, பதக்கம் எதுவும் இல்லை. உச்சியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், அவ்வளவுதான். முடிக்காதவர்கள் கீழே நின்று குடிக்க வேண்டும். பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போக ஒரு வழி இருக்கிறது, கன்றுக்குட்டிகூடப் போகும். ஆனால் ஏறாதவர் யாரும் அந்த வழியாகப் போய்த் தேநீர் குடித்ததில்லை. கிளெனிஸ் ஒன்பது வருடமாகக் கீழே நின்று குடிக்கிறாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றப் போகிறார்கள். "புது மூட்டு வச்சப்புறம் நீங்க நடக்கலாம், பஸ்கூட ஓட்டலாம். காலத் திருகி எதுலயாவது மாட்டினீங்கன்னா கழண்டுக்கும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அன்று கூட வந்தவர்கள் இருவர். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சமீனாவுக்கு முப்பது வயது. அவளும் இன்னும் கீழே குடிக்கிற கட்சிதான். செட்ரிக்குக்கு எழுபத்திரண்டு. கத்தித் தொழிற்சாலையில் நாற்பது வருடம் தரம் பார்த்தவர். மயிரிழைக் கீறல் கண்ணில் பட்டாலும் கத்தியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். யார் எங்கே ஏறினேன் என்று சொன்னாலும் "நான் பாக்கலையே" என்பதுதான் அவர் பதில். அவர் கோழிக்கூட்டை ஏறியது இருபத்தாறாவது வயதில். அன்றிலிருந்து உச்சி அவருக்குச் சொந்த வீடு மாதிரி. வந்ததும் வராததுமாக பிளாஸ்க்கோடு மேலே போய்க் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்காவது மேல வருவியா, இல்ல நீ கொண்டாந்த இஞ்சி கேக்கை மட்டும் மேல அனுப்புவியா?" என்று குரல் கொடுத்தார்.

"கேக்கும் வராது, நானும் வரலேன்னா. வாய மூடிட்டு உக்காருய்யா கெழவா" என்றாள் கிளெனிஸ், தோல் உரியாமலிருக்கக் கையில் துணிப் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டே.

"அக்கம்பக்கத்துல பஸ் ஏதும் வருதான்னு பாத்துக்கிட்டு கெளம்புங்க" என்றாள் சமீனா. மெத்தைகளைப் பரப்பிவிட்டு விளிம்புப் பக்கம் போய் நின்றாள்.

கிளெனிஸ் பின்சுவரோரம் படுத்து, கைகளைச் செருகி, உடம்பைத் தூக்கினாள். இடது காலைப் பிளவுக்குள் மாட்டும்போது இடுப்பில் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வலது கை, இடது கை, கால், கால். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு அடியில் ஒரு சொட்டு விழாது. அது இவர்களுக்கும் தெரியும், மேட்டில் மேயும் செம்மறிகளுக்கும் தெரியும்.

பாதி தூரத்தில் பிளவு அகலும். அங்கே கை போதாது, முஷ்டியை வைத்துத்தான் தொங்க வேண்டும். ஒன்பது வருடமும் அவள் விழுந்த இடம் அதுதான். முஷ்டியை வைத்தாள், அது வழுக்கியது, முதுகு தாழ்ந்தது. தாழ்ந்த முதுகில் வெதுவெதுப்பாக, ஈரமாக ஏதோ ஒன்று முட்டியது. "மே" என்றது.

"ஐயோ ஆடு! கிளெனிஸ், ஆடு உள்ள வந்துருச்சு!" என்று சமீனா அலறினாள்.

கிளெனிஸ் மூச்சு விட்டாள். முஷ்டியை இன்னும் ஆழமாக வைத்தாள். ஊர்ந்தாள். விளிம்பைப் பிடித்தாள், காலை வெளியே எடுத்தாள், மழையில் நனைந்துகொண்டே உந்தி உருண்டு உச்சியில் போய் விழுந்தாள்.

சமீனா குதித்த குதியில் இன்னும் நாலு ஆடுகள் மிரண்டன. "முடிச்சுட்டாங்க! முடிச்சே முடிச்சுட்டாங்க!"

"ஆடு பட்டுச்சா?" என்றார் செட்ரிக். மேலே உட்கார்ந்திருந்தவருக்கு அடியில் நடந்தது எப்படித் தெரியும்?

"பட்டுச்சு. அதுக்கென்ன? அதுவா வந்து இடிச்சுது" என்று சமீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

செட்ரிக் தொப்பியைக் கழற்றி யோசித்தார். "தரைன்னு சொல்லியிருக்கு. மெத்தைன்னு சொல்லியிருக்கு. ஆள்னு சொல்லியிருக்கு. ஆடுன்னு யாரும் சொல்லல" என்றார் கடைசியில். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, நகர்ந்து இடம் விட்டார். கோப்பையில் தேநீர் ஊற்றி நீட்டினார். "செல்லும். குடி."

கிளெனிஸ் கோப்பையை வாங்கினாள். ஒன்பது வருடம் அண்ணாந்து பார்த்த இடம். இங்கிருந்து மேடு முழுக்கத் தெரிந்தது, தூரத்தில் பஸ் போகும் சாலைகூடத் தெரிந்தது. கோப்பை உதடு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"சாஞ்சேன்" என்றாள்.

"என்னது?"

"ஆட்டு மேல சாஞ்சேன்யா. அது இடிச்சுது, சரி. ஆனா முஷ்டி வழுக்கினப்போ நான் எடைய அது மேல போட்டேன். ஒரு மூச்சு நேரம். அது மட்டும் இல்லேன்னா விழுந்திருப்பேன்."

"யாரு பாத்தா? ஆடுதான் பாத்துச்சு. அது சொல்லவா போகுது?" என்று கீழேயிருந்து சமீனா கெஞ்சினாள். "செவ்வாக்கிழமை ஆபரேஷன் கிளெனிஸ்!"

கிளெனிஸ் கோப்பையைப் பாறைமேல் வைத்துவிட்டு, பின்வழியாக நொண்டி நொண்டி இறங்கிப் போனாள். தன்னையே திட்டிக்கொண்டுதான் போனாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன குடியா முழுகிவிடும்?

அதற்குள் மழை வலுத்து, மந்தையே கூரைக்கு அடியில் புகுந்திருந்தது. மெத்தைமேல் ஒன்று புழுக்கை போட்டது. "இதுங்கள மொதல்ல வெரட்டணும்" என்று செட்ரிக் குடையை விரித்துக்கொண்டு இறங்கி வந்தார். சமீனா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மற்றவையெல்லாம் ஓடிவிட்டன. முட்டிய அந்தக் கிழட்டுப் பெண்ணாடு மட்டும் சரிவில் இறங்கும், திரும்பி வரும், மறுபடி இறங்கும். எழுபத்திரண்டு வயது மனுஷன் குடையும் கையுமாக அதன் பின்னால் ஓடுவதைப் பார்த்து கிளெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் கூரையைப் பார்த்தாள். அடியில் காலியாக இருந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. ஆறிவிட்டால் இடுப்பு விறைத்துவிடும், பிறகு கால் மேலே போகாது. அவர்கள் வரும்வரை நிற்க நேரமில்லை. படுத்தாள், கைகளைச் செருகினாள்.

செட்ரிக்கும் சமீனாவும் சேறும் சகதியுமாக மேடேறி வந்தபோது கோழிக்கூட்டின் உச்சியில் கிளெனிஸ் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டர் கிழிந்து தொங்கியது, விரல் முட்டிகளில் ரத்தம். வாயெல்லாம் பல். பக்கத்தில் அவள் வைத்துவிட்டுப் போன கோப்பை மழைத்தண்ணீரில் நிரம்பி வழிந்தது.

செட்ரிக் அவளைப் பார்த்தார். பின்பக்க நடைவழியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"முதுகு?"

"காத்துலதான்யா இருந்துச்சு. முழுக்க."

அவர் மூச்சு வாங்க மேலே ஏறிப் போனார். கோப்பையிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீர் முழுவதையும் அதில் ஊற்றி அவள் கையில் கொடுத்தார். தனக்கு ஒரு வாய்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"என்ன செட்ரிக், நீங்க பாக்கவே இல்லையே!" என்று சமீனா வம்புக்கு இழுத்தாள்.

"ஆட்டு மேல சாஞ்சத மட்டும் நான் பாத்தனா?" என்றார் அவர், குடையை கிளெனிஸின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே. "நீ அடியில போய் நில்லு. ஒனக்குத் தேத்தண்ணி அங்கதான்."

சமீனா குனிந்து கூரைக்கு அடியில் போனாள். அங்கே அந்தக் கிழட்டு ஆடு அவளுக்கு முன்பே வந்து மெத்தைமேல் படுத்திருந்தது. இருவரும் இனி ஒரு சொட்டும் படாமல் கீழே இருந்தார்கள். மேலே, ஒற்றைக் குடைக்கு அடியில் பாதி நனைந்தபடி, கிளெனிஸ் தன் முதல் வாயைக் குடித்தாள்.