கப்பல் தேக்குப் பெட்டி

எண்பதுகளின் கடைசியில், திருச்சுழி பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் அவரைச் சந்தித்தேன். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வீட்டுக்குள்ளும் காலை அகட்டி, தரை ஆடுவதுபோலத்தான் நின்றார். முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கும் நிலம் கேட்டு மனுப் போட்டிருந்தார். விசாரணைக்கு வந்த அதிகாரியுடன் எழுத்தராக நானும் போயிருந்தேன்.

மேசைமேல் சிறிய தேக்குப் பெட்டி ஒன்று இருந்தது. தான் வேலை பார்த்த வெள்ளைக்காரன் காலத்துக் கப்பலை உடைத்தபோது, அதன் மேல்தளப் பலகையில் செய்தது என்றார். அதைக் கையில் எடுத்த அதிகாரி கீழே வைக்கவே இல்லை.

"சாருக்குப் பிடிச்சுப்போச்சு. குடுத்துருங்க அண்ணாச்சி, வேலை சீக்கிரம் முடியும்," என்று கடற்படைக்காரர் காதில் சொன்னேன்.

அவர் முகம் இறுகியது.

"அந்தப் பலகை மேலதான் என்கூட நின்னவன் செத்து விழுந்தான். அதப் போயி லஞ்சமாக் கேக்குறீகளா? எந்திரிச்சுப் போங்க ரெண்டு பேரும்!" என்று கத்தியபடி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

மனுவைக் கோப்புக் கட்டின் அடியில் செருகும்படி அதிகாரி சொல்லவில்லை. அவமானம் தாங்காமல் நானாகத்தான் செருகினேன். எனக்கு மாற்றலாகும்வரை அது அங்கேயே கிடந்தது. கடற்படைக்காரர் ஒருமுறைகூட வந்து கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.