நாலு பேருக்கான பாஸ்தா

1. திரும்பி வந்த பெட்டி

சனிக்கிழமை சாயங்காலம் பீங்கான் கம்பெனிகளில் கூலி போட்டதும் எங்கள் டிபார்ட்மெண்டல் ஸ்டோரில் கூட்டம் நெரியும். அந்த நேரம் பார்த்து மங்கலம்பேட்டை ஜுலைகா அக்கா கவுண்டரில் ஓர் அட்டைப்பெட்டியை டொப்பென்று வைத்தார்.

"என்னாத்த குடுத்த பிலோமி? வவுறு உப்பிக்கிட்டு தூக்கமே இல்ல."

நான் விற்றது ஆர்கானிக் பாஸ்தா. தவிட்டோடு அரைத்த பழுப்பு ரகம், பாண்டிச்சேரி டீலர் எங்கள் தலையில் கட்டியது. "ஆர்கானிக்னா வயித்துக்கு நல்லதுன்னு சொல்லித் தள்ளிவுடு" என்பது முதலாளியின் உத்தரவு. அவருக்கென்ன, கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

அக்காவுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. காரம், மசாலா, சக்கை எதுவும் ஆகாது. கணவர் குவைத்திலிருந்து அனுப்பிய வெள்ளைப் பாஸ்தா ஒத்துக்கொண்டது. அது தீர்ந்துபோய்த்தான் எங்களிடம் வந்தார்.

"கஞ்சி குடிங்களேன்க்கா" என்றேன் எரிச்சலாக.

"குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. அது கெடக்கட்டும். அடுத்த வாரம் மவளுக்கு நிக்காஹ். மாப்ள வூடு பரங்கிப்பேட்டை. சம்பந்தியம்மாகூட சகன்ல உக்காரணும்."

சகன் என்பது பெரிய தாம்பாளம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

"நான் கை வைக்கலன்னா, பொண்ணு குடுத்தவளுக்கு என்னா ராங்கின்னுவாங்க. பிரியாணியத் தின்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிதான். கல்யாண சகன்ல கஞ்சியா ஊத்த முடியும்?"

"உடம்பு முடியலன்னு சொல்லிடுங்களேன்."

"சீக்காளி பெத்த பொண்ணுன்னு என் மவளத்தான பேசுவாங்க?" அக்காவின் கண் கலங்கிவிட்டது. என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

2. பெட்டியின் பின்பக்கம்

கூட்டம் குறைந்ததும் குடோனுக்குக் கூட்டிப்போய் இருக்கிற பெட்டிகளையெல்லாம் பரப்பினேன். மசாலா பொட்டலம் வைத்ததை ஒதுக்கினோம். பழுப்பு ரகத்தை ஒதுக்கினோம். ஆர்கானிக் என்ற எழுத்து, கோதுமை விளைந்த விதத்தைத்தான் சொல்லும். நம் குடலோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்குத்தான் எனக்கே இது உறைத்தது.

கடைசியில் ஓர் ஆர்கானிக் பெட்டியின் பின்பக்கத்தில் தவிடு நீக்கிய கோதுமை ரவை மட்டும் என்று இருந்தது. சின்னச் சங்கு வடிவம், சீக்கிரம் குழையும்.

"ஒண்ணு மட்டும் கொண்டுபோய் நாளைக்கே வேகவச்சுப் பாருங்க. ஒத்துக்கிட்டா கல்யாணத்துக்கு வாங்கிக்கலாம்."

அக்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "நாலு பேருக்குன்னு போட்டிருக்குது. மவளும் போயிட்டா நான் ஒருத்திதான் தின்னணும்." பிறகு அரிசி மூட்டை மேலிருந்த என் டிபன் பாக்ஸ் கண்ணில் பட்டது. "ஆமா, நீ யார்கூட சாப்புடுற?"

தூக்கிவாரிப் போட்டது. அம்மா போனதிலிருந்து வீட்டிலும் நான் தனி, குடோனிலும் தனி. யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"இந்த மூட்டைகூடத்தான்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "நிக்காஹ்வுக்கு வந்துடு" என்றார்.

3. சகன்

பாஸ்தா அக்காவுக்கு ஒத்துக்கொண்டது. கல்யாணத்தன்று பெண்கள் பக்கத்தில், சகனில் பிரியாணி. அக்காவின் ஓரத்தில் மட்டும் வெண்ணெய் போட்ட வெள்ளைப் பாஸ்தா. சம்பந்தியம்மாவும் அவர் தங்கையும் உட்கார்ந்தாயிற்று. நாலாவது ஆளாக அக்கா என்னை இழுத்து உட்கார வைத்தார்.

"இது என்னாங்க?" என்றார் சம்பந்தியம்மா.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "கொடல்ல ஆபரேஷன் ஆனதுங்க. இதத்தவிர எதுவும் தங்காது" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

சம்பந்தியம்மா பாஸ்தாவில் ஒரு கை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"உப்பு பத்தல. மொதல்லயே சொல்லியிருந்தா எங்க வூட்டுலயே பதமா செஞ்சாந்திருப்போம்ல? நாங்க என்னா அன்னியமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா கைய மடியில வச்சுக்கிட்டு இருக்குற? சாப்புடு."

நானும் பாஸ்தாவில் கை வைத்தேன். பக்கத்துக் கை என் கையில் இடித்தது. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பாஸ்தாவில் ஏது காரம்?

இப்போது கடை வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயிறு சரியில்லை என்று ஒருவர் வந்தால், பெட்டியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், திருப்பிப் படியுங்கள். யாரோடு சாப்பிடுவீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அக்கா பிறகு கணவரிடம் குவைத்துக்கே போய்விட்டார். வருடங்கள் ஓடி நானும் கடையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அதே ரகப் பாஸ்தாவை எப்போதாவது வாங்குகிறேன். கால் பெட்டி வேகவைத்தாலும் மிஞ்சிவிடுகிறது.